சுட்ட துரியோதனன் எப்படிச் சாவான்? படுகளத்து மண்ணும் காட்சிக்கூடமும்

பாலக்கோட்டு மண் எழுதியது:

எங்களுடையது பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் மண்பாண்டம் வனைந்து பிழைக்கும் குடும்பம். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கும் ஆண்டுகளில், பதினெட்டாம் போர் நாளன்று படுகளத்தில் கிடத்தும் துரியோதனனுக்கு மண் குழைத்துத் தருவதும் முகத்தைத் திருத்துவதும் என் அப்பாவுக்கு உரிய வேலை. அவருக்கு முன் அது தாத்தாவின் வேலையாக இருந்தது. நான் சென்னையில் கவின்கலைக் கல்லூரியில் சுடுமண் பயின்றுவிட்டு ஊருக்குத் திரும்பிச் சிற்பம் செய்துவருகிறேன். ஓராண்டாக என்னை உறங்கவிடாத ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

பாரதம் நடக்காத பகுதிகளைச் சேர்ந்தவர்களுக்காகச் சிறிது விளக்க வேண்டும். பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் தெருக்கூத்துமாகப் பல நாள்கள் நடக்கும் விழாவின் முடிவில், கோயில் திடலில் துரியோதனன் மல்லாந்து கிடப்பதுபோல் ஈர மண்ணால் ஒரு பேருருவம் அமைப்பார்கள். எங்கள் ஊரில் அது தலை முதல் கால் வரை ஏறத்தாழ 40 அடி இருக்கும். முதல் நாள் மாலையில் மண் கொட்டத் தொடங்கினால், விடிவதற்குள் உடலை முடித்து முகத்துக்கு வண்ணமும் தீட்டிவிடுவார்கள். காலையில் பீமன் வேடக்காரரும் துரியோதனன் வேடக்காரரும் அந்த உடலைச் சுற்றிச் சுற்றி வந்து பொருதுவார்கள். பீமன் கதையால் தொடையில் அடிக்கும்போது, உள்ளே புதைத்து வைத்த செந்நீர் பீறிடும். அதுவரை விரித்த கூந்தலோடு நின்ற திரௌபதி அதைத் தொட்டுத் தடவிக் கூந்தலை முடிப்பாள். பிறகு கூட்டம் அந்த மண்ணை அள்ளும். குதிருக்குள் போட்டு வைத்தால் தானியம் குறையாது என்று நம்பி ஆளுக்கு ஒரு பிடி எடுத்துப் போவார்கள். மாலையில் தீமிதி. மறுநாள் திடலில் ஒரு மேடுதான் மிஞ்சும். ஒரு மழைக்கு அதுவும் கரைந்துவிடும்.

அந்த உருவத்தைத்தான் நான் சுடுமண்ணில் செய்தேன்; 9 அடி நீளம், 14 துண்டுகள். கெட்டியான மண் சூளையில் வெடித்துவிடும் என்பதால் ஒவ்வொரு துண்டையும் உள்ளே கூடாக, ஓர் அங்குலச் சுவர் விட்டுக் கட்டினேன். ஏரி வண்டலில் மணலும் உமியும் கலந்து, நிழலில் ஒன்றரை மாதம் உலர்த்தி, சென்னையில் நண்பர் ஒருவரின் எரிவாயுச் சூளையில் சுட்டெடுத்தேன். அங்கேயே ஒரு காட்சிக்கூடத்தில் அது வைக்கப்பட்டது. முகம் வடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அப்பா என்று அவர் பெயரோடு நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் அந்தப் பெயரை மட்டும் நீக்கிவிட்டு, "தமிழ்நாட்டு நாட்டுப்புறக் கலையின் தாக்கத்தில் உருவானது" என்று அச்சிட்டுச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. ஆனால் என் கேள்வி அதைப் பற்றியதன்று.

அப்பாவைக் காட்சிக்கு அழைத்துப் போயிருந்தேன். அவர் சுவரில் இருந்ததைப் படிக்கவே இல்லை. நெடுநேரம் தொடைப் பகுதியைப் பார்த்துக்கொண்டு நின்றவர், பானை வாங்க வருபவர்கள் தட்டிப் பார்ப்பதுபோல் விரல் கணுவால் தட்டினார். கணீரென்று ஒலித்தது. "நல்லா வெந்திருக்கு" என்றார். சற்றுப் பொறுத்து, "சுட்டுட்டியேம்மா. சுட்ட துரியோதனன் எப்படிச் சாவான்?" என்றார்.

அதன் பிறகு நான் அந்த உருவத்தைத் தொடவில்லை. துண்டுகள் வைக்கோல் சுற்றி வீட்டுத் திண்ணையில் கிடக்கின்றன. முன்னோர் செய்த ஒன்றை இன்றைய கலைக்குள் கொண்டுவருகிறோம் என்று சொல்லும்போது நாம் உண்மையில் எதைக் கொண்டுவருகிறோம்? உருவத்தையா, அந்த உருவத்தை வைத்து ஊர் செய்ததையா? இரண்டாவதை விட்டுவிட்டால் முதலாவதுக்கு நான் உரிமை கொண்டாடலாமா?

---

ஓசூர்ச் சிற்பி எழுதியது:

தங்கைக்கு வணக்கம். நான் இரும்பையும் செம்பையும் பற்றவைத்துச் சிற்பம் செய்பவன். உங்கள் அப்பா கேட்டது மிகப் பெரிய கேள்வி என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதை நீங்கள் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டது தவறு என்று நினைக்கிறேன். சாக முடியாத துரியோதனன் என்பதே அந்தச் சிற்பத்தின் பொருள் ஆகாதா? படுகளத்தில் ஒவ்வொரு முறையும் அவன் செத்து, பகை முடிந்து, திரௌபதி கூந்தலை முடிந்துகொள்கிறாள். நம் காலத்துப் பகைகள் அப்படி முடிவதில்லை. அவை வெந்து இறுகிப் போய்க் கிடக்கின்றன. இதைப் படுகளத்தால் சொல்ல முடியாது, உங்கள் சூளையால் சொல்ல முடிந்தது.

மரபிலிருந்து ஒன்றைப் பெயர்த்தெடுக்கும்போது அதன் வழிபாட்டுப் பயன் போய்விடுகிறது என்று அஞ்சியிருந்தால், தமிழ்நாட்டில் தற்காலச் சிற்பம் என்று சொல்லிக்கொள்ள நம்மிடம் மிகக் குறைவாகவே இருந்திருக்கும். கே.சி.எஸ். பணிக்கரும் அவருடன் இருந்த ஓவியர்களும் சிற்பிகளும் 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் என்ற கலைஞர் குடியிருப்பைத் தொடங்கிய காலத்தை எண்ணிப் பாருங்கள். மேற்கத்திய நவீனத்தை அப்படியே எழுதிப் பார்க்காமல், இந்த மண்ணின் கோடுகளையும் எழுத்தையும் உலோக வேலையையும் கொண்டு ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற தவிப்பு அவர்களுக்கு இருந்தது. சிற்பி பி.வி. ஜானகிராம் உலோகத் தகட்டை அடித்து உருவம் எழுப்பினார். கோயில்களில் மூலவருக்குச் சாத்தும் கவசத்தை அடிக்கும் அதே கைவேலைதான் அதற்கு அடிப்படை. அவருடைய தகட்டு உருவங்களுக்குப் பின்னால் மூலவர் இல்லை, கருவறை இல்லை. இருந்தும் அவற்றின் முன் நிற்கும்போது ஏதோ ஒன்று நம்மை நேர்கொண்டு பார்க்கிறது. மூலவர் இல்லாத கவசம் வெற்றுத் தகடு என்று அவரிடம் யாரேனும் சொல்லி, அவரும் நம்பிச் சுத்தியலைக் கீழே வைத்திருந்தால் இழப்பு நமக்குத்தான்.

ஆகவே அந்தத் துண்டுகளைத் திண்ணையிலிருந்து எடுங்கள். அப்பாவின் கேள்வியையே அதற்குத் தலைப்பாக வையுங்கள்.

---

அரூர்த் தமிழாசிரியர் எழுதியது:

அம்மா, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். ஓவியம் சிற்பம் பற்றிப் பேசும் பயிற்சி எனக்கு இல்லை. ஆனால் நம் மாவட்டத்தில் திரும்பிய பக்கமெல்லாம் நிற்கும் நடுகற்களோடு நாற்பது ஆண்டுகளாகப் பழகியவன் என்பதால், உங்கள் கேள்வியை அந்தப் பக்கமிருந்து பார்க்க விரும்புகிறேன்.

தருமபுரி அகழ்வைப்பகத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும் நடுகற்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆநிரை மீட்டுப் பட்டவன், புலியோடு பொருது பட்டவன் என்று ஒவ்வொரு கல்லும் ஒரு சாவைச் சொல்கிறது. கல்வெட்டு ஆய்வுக்கு அவை கருவூலம். அங்கே கொண்டுவந்து காத்திராவிட்டால் பல கற்கள் வீட்டுப் படியாகவும் துணி துவைக்கும் கல்லாகவும் போயிருக்கும். அதே காலத்துக் கல் இன்னொன்று, பெயர் தெரியாத ஊரின் புளியமரத்தடியில், மஞ்சளும் குங்குமமும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறி, எழுத்தே தெரியாமல் மழுங்கி, வேடியப்பன் என்ற பெயரில் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கிறது. தன் வீரன் யார் என்பதை மரத்தடிக் கல் மறந்துவிட்டது. அகழ்வைப்பகத்துக் கல்லுக்கு அவன் பெயர் தெரியும், ஆனால் அதற்கு யாரும் ஒரு பூ வைப்பதில்லை. இவற்றில் எது உயிரோடு இருக்கிறது என்று மாணவர்களைக் கேட்பேன். ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு இரண்டாகப் பிரியும்.

தொல்காப்பியம் நடுகல்லுக்கு ஆறு நிலைகளைச் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைக் கண்டு தேர்வது, கொண்டுவருவது, நீராட்டுவது, நடுவது, படையல் இடுவது, வாழ்த்துவது. உளி வேலைக்கென்று தனிப்பெயர் பெற்ற நிலை இவற்றில் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். செதுக்கியவன் திறமை பெரிதுதான். ஆனால் இலக்கணம் எழுதியவர் கண்ணில் நடுகல் என்பது பலர் கூடிச் செய்த செயல்களின் வரிசை. உங்கள் அப்பா தொடையைத் தட்டிப் பார்த்துத் தேடியதும் அந்த வரிசையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் தகடூர் அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில், அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டி, நாரால் அரித்த கள்ளைச் சிறு கலத்தில் உகுக்கிறார்கள். மலையோடு கூடிய நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இதைக் கொள்வானோ என்று ஔவை கலங்குகிறாள். சடங்கு நடக்கும்போதே அது போய்ச் சேருமா என்ற ஐயமும் அதனுள் இருந்திருக்கிறது. எனவே ஊரார் செய்தால் உண்மை, கலைஞர் செய்தால் போலி என்று நான் பிரிக்க மாட்டேன். ஐயம் உங்களுக்கு மட்டும் வந்ததன்று. அதுவும் மரபின் பகுதிதான்.

---

பென்னாகரத்தான் எழுதியது:

பெரியவர்கள் பேசும் இடத்தில் சிறியவன் ஒன்று சொல்கிறேன். என் பாட்டி படுகளத்து மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து குதிருக்குள் போட்டு வைப்பார். இப்போது எங்கள் வீட்டில் குதிரும் இல்லை, நிலமும் இல்லை. அரிசி நியாயவிலைக் கடையிலிருந்து வருகிறது. இருந்தாலும் அம்மா போன முறை மண்ணை அள்ளி வந்தார். எங்கே வைப்பது என்று தெரியாமல் பிளாஸ்டிக் பையோடு குளிர்பதனப் பெட்டியின் மேல் வைத்திருக்கிறார். தூசு துடைக்கும்போதெல்லாம் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடியும் அங்கேயே வைக்கிறார். அக்கா கேட்ட கேள்விக்கு இது விடையாகுமா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

---

காவேரிப்பட்டினம் கூத்து வாத்தியார் எழுதியது:

மகளே, நான் துரியோதனன் வேடம் கட்டத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நான் சொல்லச் சொல்ல என் மகன் தட்டச்சு செய்கிறான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பதினெட்டாம் போருக்கு முந்தைய இரவு முழுவதும் ஆடிவிட்டு, அரிதாரம் பாதி கரைந்த முகத்தோடு காலையில் படுகளத்துக்கு வரும்போது, அங்கே கிடக்கும் மண் உருவத்தைப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். அது என் உடம்பு. தோள்கட்டையும் மார்புப் பதக்கமும் கிரீடமும் கட்டிக்கொண்டு நான் நிற்பது என் நிழல். பீமன் என்னை அடிப்பதில்லை, மண்ணைத்தான் அடிக்கிறான். ஆனால் அந்த அடி விழும்போது நான் கீழே விழுகிறேன், விழுவதுபோல் நடிப்பதில்லை. ஈர மண்ணில் அடி விழும் ஓசை ஒன்று உண்டு. தொப்பென்று, உடம்பில் விழுவதுபோலவே இருக்கும். உங்கள் அப்பா தட்டியபோது கணீரென்று கேட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தவுடன் அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

இதற்கு மேல் நான் சொல்லப் போவதைத் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நானும் நகரத்து மேடைகளில் ஆடியிருக்கிறேன். எட்டு மணி நேரக் கூத்தை 40 நிமிடத்துக்குச் சுருக்கித் தரச் சொல்வார்கள், சுருக்கித் தருவோம். மிருதங்கமும் முகவீணையும் அதே, அடவும் அதே. அந்தச் சம்பளத்தில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள், அதை நான் இழிவாகப் பேச மாட்டேன். ஆனால் ஊரில் காப்புக் கட்டிக்கொண்டு ஆடுகிறேன், அங்கே காப்பு இல்லாமல் ஆடுகிறேன். இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோடு எனக்குத் தெரியும். பார்ப்பவர்களுக்கும் தெரியும்படி மேடையில் முதலிலேயே சொல்லிவிடுவேன்: இது கூத்து, பாரதம் அல்ல என்று.

நீங்கள் சூளையில் சுட்டது கூத்து. கூத்து தாழ்ந்ததன்று. படுகளம் என்று மட்டும் அதற்குப் பெயர் வைக்காதீர்கள். அப்பாவின் மனம் ஆறிவிடும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. காட்சிக்கூடத்திலேயே பச்சை மண்ணால் உருவம் செய்து, வேடக்காரர்களை வரவழைத்து அடிக்கச் செய்தால் என்ன என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். என்னிடமே ஒருவர் கேட்டார். நான் வர மறுத்துவிட்டேன். கொடியேற்றாமல், காப்புக் கட்டாமல், பதினேழு நாள் கதை கேளாமல் பதினெட்டாம் நாள் அடி மட்டும் எதற்கு?

---

பாலக்கோட்டு மண் எழுதியது:

வாத்தியார் ஐயா, உங்கள் கடைசிப் பத்தியைப் படித்தபோது கை நடுங்கியது. அடுத்த காட்சிக்கு நான் திட்டமிட்டு வைத்திருந்தது அதையேதான். சுட்டதுதான் பிழை, சுடாமல் செய்து உடைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணியிருந்தேன். ஈரத்தைக் கொண்டுபோய்விட்டால் எல்லாம் கூடவே வந்துவிடும் என்று நம்பியது எவ்வளவு எளிய கணக்கு என்று இப்போது தெரிகிறது. அந்தத் திட்டத்தைக் கைவிடுகிறேன்.

ஓசூர் அண்ணாவுக்கு: நீங்கள் சொல்வது எனக்கு ஆறுதலாக இருக்கிறது, ஆனால் அப்படியே ஏற்க முடியவில்லை. மண்ணில் வேலை செய்பவர்களுக்குச் சூளை என்பது சாதாரண இடமன்று. 600 பாகை வெப்பத்தைத் தாண்டும்போது களிமண்ணுக்குள் பிணைந்திருக்கும் நீர் வெளியேறிவிடுகிறது; பிறகு அதை எத்தனை நாள் தண்ணீரில் ஊறவைத்தாலும் அது மறுபடி சேறாவதில்லை. பச்சைப் பானை உடைந்தால் குழியில் போட்டு மிதித்து மறுபடி வனையலாம், சுட்ட பானை உடைந்தால் ஓடுதான். எங்கள் வீட்டில் இந்த எல்லையைப் பிள்ளைகள் நடக்கப் பழகும்போதே அறிந்துகொள்கிறார்கள். அப்பா சிற்பத்தின் பொருளைப் பற்றிப் பேசவில்லை. ஏரிக்குத் திரும்பிப் போக வேண்டிய ஒன்றைத் திரும்ப முடியாமல் செய்துவிட்டாய் என்று சொன்னார். நான் அதைப் பொருளாக மாற்றித் தலைப்பாக வைத்தால், அவருடைய வருத்தத்தையும் எடுத்துக் காட்சிக்கு வைத்தவள் ஆவேன். முதலில் அவரிடம் கேட்காமல் அதைச் செய்ய மாட்டேன்.

---

சிட்டிலிங்கி நூல் எழுதியது:

தங்கச்சி, அச்சிடாமல் விட்ட உங்கள் அப்பாவின் பெயரைப் பற்றி எழுதிவிட்டு, "என் கேள்வி அதைப் பற்றியதன்று" என்று கடந்துபோய்விட்டீர்கள். என் கண்ணில் கேள்வியின் வேரே அங்கேதான் இருக்கிறது.

எங்கள் பள்ளத்தாக்கில் லம்பாடி மக்களின் குடியிருப்புகளான தாண்டாக்கள் இருக்கின்றன. கண்ணாடித் துண்டும் சோழியும் வைத்துத் தைத்த பாவாடையும் மேலாடையும் ஒரு காலத்தில் அந்தப் பெண்களின் அன்றாட உடை. பிறகு புடவைக்கு மாறினார்கள். தையல் சில மூதாட்டிகளின் கைகளில் மட்டும் தங்கியது. 1993இல் சிட்டிலிங்கியில் பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கிய மருத்துவர் இணையரில் ஒருவரான லலிதா ரெஜியின் முயற்சியில், 2006இல் 'போர்கை' என்ற கைவினைஞர் அமைப்பு உருவானது. லம்பாடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று பொருள். மூதாட்டிகள் இளையவர்களுக்குத் தையலைக் கற்றுக்கொடுத்தார்கள். இன்று அந்தத் தையல் புடவை முந்தானையிலும் தலையணை உறையிலும் சுவரில் தொங்கும் துணியிலும் ஏறியிருக்கிறது. பாவாடையை விட்டுத் தையல் வெளியேறிவிட்டது. உங்கள் துரியோதனனைப் போலவே தன் பழைய பயனை இழந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஆனாலும் அதைப் பார்த்து யாரும் "எப்படிச் சாவான்" என்பதுபோல் கேட்பதில்லை. எந்தத் தையலை எங்கே போடுவது, என்ன விலைக்குத் தருவது என்று முடிவெடுக்கும் இடத்தில் தைத்த பெண்களே இருக்கிறார்கள் என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

உருவம் இடம் மாறலாம், பயன் மாறலாம். கையை யாருடையது என்று சொல்லாமல் மாறும்போதுதான் அது பிடுங்கியதாகிறது. "நாட்டுப்புறக் கலையின் தாக்கத்தில்" என்ற வரி ஒரு மனிதரைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு மூடுபனியை வைக்கிறது. உங்கள் அப்பா மூடுபனி அல்லர். அடுத்த முறை அந்தப் பெயர் இல்லாமல் உருவத்தைப் பெட்டியிலிருந்தே வெளியே எடுக்காதீர்கள்.

---

ஓசூர்ச் சிற்பி எழுதியது:

சிட்டிலிங்கி அக்கா சொன்னதை ஏற்கிறேன். முதல் பதிவில் நான் அந்த இடத்தைப் படித்துவிட்டுத் தாண்டிப்போனது பிழை. தங்கை பெயருக்குப் பக்கத்தில் அப்பாவின் பெயர் இருந்தாக வேண்டும்.

அதோடு சட்டத்தையும் பார்த்துவைப்பது நல்லது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 53அ என்ற பிரிவு இருக்கிறது. ஓர் ஓவியமோ சிற்பமோ 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆகும்போது படைத்தவருக்கோ அவருடைய வாரிசுக்கோ அந்த விலையில் 10 விழுக்காட்டுக்கு மிகாமல் ஒரு பங்கு உண்டு. பெயர் பதிந்த படைப்பாளிக்குத்தான் இது பயன்படும். முகம் வடிக்கக் கற்றுக்கொடுத்தவருக்கோ ஓர் ஊருக்கோ இதனால் ஒன்றும் வராது. எனவே அப்பாவை இணைப் படைப்பாளராக எழுத்தில் சேர்ப்பது மரியாதையாக மட்டும் நின்றுவிடாது.

ஆனால் மரபு என்றால் பழையது, ஆகவே அசையாதது என்று இந்த இழை போய்விடக் கூடாது என்பதற்காக இரண்டு பேரை நினைவூட்டுகிறேன். வங்காளச் சிற்பி மீரா முகர்ஜி ஜெர்மனியில் படித்துத் திரும்பிய பிறகு பஸ்தருக்குப் போய், அங்குள்ள உலோகக் கைவினைஞர்களிடம் மெழுகுநூல் சுற்றி வார்க்கும் முறையைக் கற்றார். வடிவத்தை நகலெடுத்துவிட்டு வந்திருக்கலாம். அவர் உட்கார்ந்து வேலையைக் கற்றுக்கொண்டார். மத்தியப் பிரதேசத்தின் ஜங்கட் சிங் சியாமின் கதை வேறு. அவருடைய பர்தான் மக்கள் கோண்டுகளின் குலக்கதைகளைப் பாடும் பாணர்கள். போபாலின் பாரத் பவன் கலை மையம் 1982இல் திறக்கப்பட்ட காலத்தில் ஓவியர் ஜெ. சுவாமிநாதன் வழியாக அவர் நகரத்துக்கு வந்தார். பாட்டில் இருந்த தெய்வங்களைத் தாளிலும் துணியிலும் புள்ளிகளாலும் கோடுகளாலும் எழுதினார். இன்று கோண்டு ஓவியம் என்று உலகம் அறிவது பெரும்பாலும் அவர் கையில் பிறந்ததுதான். 2001இல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்துக்காக வரைந்துகொண்டிருந்தபோது அவர் தற்கொலை செய்துகொண்டார். அதை இப்போதும் என்னால் அமைதியாக எண்ண முடிவதில்லை. மரபின் உள்ளிருந்து வந்தவரையும் வெளியுலகம் எப்படித் தனிமைப்படுத்தும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று. ஆனால் பாட்டை ஓவியமாக்கியதற்காக அவரைப் பழிக்க யாருக்கும் மனம் வராது. ஆகவே நீங்கள் சுட்டதும் வீண் அல்ல, தங்கையே.

---

அரூர்த் தமிழாசிரியர் எழுதியது:

புறநானூற்றில் இன்னொரு பாட்டு நினைவுக்கு வந்தது. கணவனை இழந்த ஒருத்தி குயவனைப் பார்த்து, "கலம்செய் கோவே" என்று அழைத்து, வண்டியின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வரும் சிறு பல்லிபோல் கணவனோடு பல வழி கடந்து வந்தவள் தான் என்றும், கணவனை இடும் தாழியைத் தனக்கும் சேர்த்து அகலமாக வனைய வேண்டும் என்றும் கேட்கிறாள். அந்தத் தாழி சுட்டதுதான். அழியும் உடலை ஏற்க அழியாத கலம். உங்கள் முன்னோர் இரண்டையும் செய்திருக்கிறார்கள் அம்மா: கரைய வேண்டியதைப் பச்சை மண்ணில் செய்தார்கள், கரைவதை ஏந்த வேண்டியதைச் சுட்டார்கள். பென்னாகரத்துத் தம்பியின் வீட்டில் பிளாஸ்டிக் பையில் இருக்கும் அந்தப் பிடி மண்ணை மனத்தில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

---

பாலக்கோட்டு மண் எழுதியது:

ஐயாவின் பதிவைப் படித்துவிட்டு இரண்டு நாள் எதுவும் எழுதவில்லை. பிறகு அதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "கலம்செய் கோவே" என்பதை மட்டும் இன்னொரு முறை படிக்கச் சொன்னார். கோ என்றால் அரசன்தானே என்று கேட்டார். குயவரைக் குறிக்கும் வேட்கோ என்ற பெயரை அவர் தாத்தா சொல்லிக் கேட்டிருப்பதாகவும் சொன்னார்.

பென்னாகரத்துத் தம்பியின் அம்மா மண் வைத்திருக்கும் பையைப் பற்றியும் சொன்னேன். அப்பா எழுந்து போய் ஒரு பிடி ஈர மண்ணை எடுத்துவந்தார். திண்ணையில் துரியோதனன் துண்டுகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, சக்கரம் இல்லாமல், கட்டைவிரலால் குடைந்து கைக்குள் அடங்கும் ஒரு கலயம் செய்தார். ஒரு பிடி மண் கொள்ளும் அளவு. அதற்கு ஒரு மூடி வைத்தேன். மூடி இறுக்கமாக இருக்கக் கூடாது, உள்ளே இருப்பதற்குக் காற்று வேண்டும் என்று சொல்லி விளிம்பைத் தன் நகத்தால் தளர்த்தினார்.

இப்படித்தான் முடிவு செய்திருக்கிறோம். அடுத்த முறை எங்கள் ஊரில் பாரதம் வைக்கும்போது, துரியோதனனுக்கு மண் எடுக்கும் ஏரியிலிருந்தே கலயங்களுக்கும் மண் எடுப்போம். அவற்றைக் கவிழ்த்து, வாய்ப் பக்கம் உமியில் புதையும்படி அடுக்கிச் சுடப் போகிறோம். காற்றுப் புகாத உட்புறம் கறுத்தும், நெருப்பு படும் வெளிப்புறம் சிவந்தும் வரும். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மயிலாடும்பாறை போன்ற இடங்களில் தோண்டி எடுத்த கறுப்பு சிவப்புப் பானைகளின் நிறத்தை இந்த வழியில் வரவழைக்கலாம் என்று கல்லூரியில் படித்தேன். அப்பாவோ அடுப்படியில் கவிழ்ந்து கறுத்த சட்டியைப் பார்த்தே அதை அறிந்திருக்கிறார். படுகளம் முடிந்து மண் அள்ளும்போது வேண்டியவர்களுக்குக் கலயம் தருவோம், விலை கிடையாது. ஓராண்டு கழித்து, தர விரும்பும் வீடுகளிலிருந்து மட்டும் அவற்றை மண்ணோடு இரவல் வாங்கி, தருமபுரியிலேயே ஓரிடத்தில் வைத்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுப்போம். வீட்டுக்காரர் பெயர் கலயத்தின் பக்கத்தில் இருக்கும். வனைந்தவர்கள் என்ற இடத்தில் இரண்டு பெயர்கள் இருக்கும், அப்பாவுடையது முதலில். கேட்டும் தராத வீடுகளுக்காக அந்த வரிசையில் இடம் காலியாக விடப்படும்.

சுட்ட துரியோதனனைப் பற்றியும் அப்பாவிடம் கேட்டேன். உடைக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம் என்றார். திண்ணையில் தலைப்பகுதியை மட்டும் நிமிர்த்தி வைத்திருக்கிறார். இப்போது அதன் மேல் கலயங்கள் காய்கின்றன.

---

பென்னாகரத்தான் எழுதியது:

அக்கா, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். எங்கள் மண் போன முறை எடுத்தது, அதற்கும் கலயம் கிடைக்குமா என்று கேட்கச் சொன்னார். பாட்டியின் மஞ்சள் துணி இன்னும் பெட்டியில் இருக்கிறது. மூடியின் மேல் அதைக் கட்டலாமா என்றும் கேட்டார்.

---

பாலக்கோட்டு மண் எழுதியது:

கிடைக்கும் தம்பி. துணியைக் கட்டச் சொல்லுங்கள், தளர்வாக.

---

காவேரிப்பட்டினம் கூத்து வாத்தியார் எழுதியது:

மகளே, எனக்கும் ஒன்று எடுத்துவையுங்கள். இத்தனை ஆண்டுகளில் நான் அந்த மண்ணை வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. விழுந்தவன் தன் உடம்பைத் தானே அள்ளக் கூடாது என்பது எனக்கு வேடம் கட்டக் கற்றுக்கொடுத்தவர் சொன்ன வழக்கம். இந்த முறை என் பேத்தி வருவாள். கலயத்தை அவள் கையில் கொடுங்கள்.